அண்டை நிறத்தின் ஆட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்ஸ் தேசத்துத் துணி வியாபாரிகள் சிலருக்கும், அவர்களுக்குத் துணியில் பூ அச்சிட்டுக் கொடுத்த ஒருவருக்கும் இடையே விநோதமான வழக்கொன்று மூண்டது. சிவப்பு, ஊதா, நீலம் என்று தனித்தனியே சாயம் தோய்ந்த துணிகளைக் கொடுத்து, அவற்றின்மீது கறுப்பு மையால் பூவேலை செய்து தரும்படி வியாபாரிகள் சொல்லியிருந்தார்கள். வேலை முடிந்து துணி கைக்கு வந்தபோதோ, சிவப்புத் துணியின்மேல் பூ பச்சையாகவும், ஊதாத் துணியின்மேல் பச்சை படர்ந்த மஞ்சளாகவும், நீலத் துணியின்மேல் செம்பு நிறமாகவும் இருக்கக் கண்டு, தாங்கள் கேட்டதொன்று, வந்ததொன்று என்று சினந்தார்கள். விவகாரம் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் என்ற ரசாயன சாஸ்திரியிடம் வந்து சேர்ந்தது. அவர் ரசாயனப் பரீட்சை எதையும் நாடவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பூவின் வடிவத்துக்குக் கத்தரித்து, துணியின் நிறம் சிறிதும் தெரியாதபடி மூடி, பூவை மட்டும் காட்டினார். மூன்று துணிகளிலும் பூக்கள் கன்னங்கரேலென்று கறுத்திருந்தன.

வாதியும் பொய் சொல்லவில்லை, பிரதிவாதியும் பொய் சொல்லவில்லை என்பதே இந்த வழக்கின் விசேஷம். பூசியது கறுப்பு, கண்டது பச்சை, இரண்டும் மெய். சித்திரக் கலையிலும் அலங்காரத் தொழிலிலும் பூரக வர்ணங்கள் என்றும், பள்ளிப் பாடநூல்களில் நிரப்பு நிறங்கள் என்றும் வழங்கும் ஜோடி நிறங்களைப் பற்றிய சாஸ்திரம் முழுவதையும், ஒருவகையில், அந்தக் கத்தரித்த காகிதத்துக்கு எழுந்த வியாக்கியானம் என்றே சொல்லலாம். நிறம் என்பது பொருளுக்கு மட்டுமே சொந்தமான குணம் என்று நாம் குழந்தைப் பருவந்தொட்டு நம்பி வருகிறோம். அதன் அண்டையில் நிற்கும் நிறத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதும், அந்தப் பங்கைக் கணக்கிட்டு அறிந்தவனே வர்ணத்தைக் கையாளத் தெரிந்தவன் என்பதும் இக்கட்டுரையில் நாம் நிலைநாட்ட முயலும் துணிபு.

கறுப்பு நூலின்மேல் வந்த பழி

ஷெவ்ரல் சித்திரக்காரர் அல்லர். 1786ஆம் ஆண்டில் ஆன்ஜே நகரில் ஒரு வைத்தியர் குடும்பத்தில் பிறந்து, கொழுப்புப் பொருள்களின் ரசாயன அமைப்பை ஆராய்ந்து புகழ் பெற்று, புகையும் துர்நாற்றமும் மிகுந்த பழைய கொழுப்பு மெழுகுவத்திக்குப் பதிலாக ஸ்டியரிக் அமில மெழுகுவத்தி உலகுக்கு வர வழிகோலியவர் அவர். 1824ஆம் ஆண்டில் பாரிஸிலுள்ள கோப்லான் அரசாங்கத் தொழிற்சாலையின் சாயப் பிரிவுக்கு அவரைத் தலைவராக நியமித்தார்கள். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சரான கோல்பேர் 1662இல் அரசாங்கத்துக்கென்று ஏற்படுத்திய தொழிற்சாலை அது. பெரிய சித்திரங்களைப் பார்த்து, அவற்றைக் கம்பளி நூலாலும் பட்டு நூலாலும் திரைச்சீலையாக நெய்து, அரண்மனைச் சுவர்களை அலங்கரிப்பது அதன் பணி.

அங்கே அவருக்கு முன் வந்து நின்ற புகார்களில் ஒன்று கறுப்புச் சாயத்தைப் பற்றியது. நீல நிற, ஊதா நிற ஆடைகளின் மடிப்புகளிலே நிழல் காட்டுவதற்கு நெசவாளர்கள் பயன்படுத்திய கறுப்பு நூல், கறுப்புக்குரிய வலுவின்றி மங்கித் தெரிகிறது என்றார்கள். சாயத்தில்தான் குற்றம் இருக்கவேண்டும் என்று கருதிய ஷெவ்ரல், பிரான்ஸிலும் வெளிநாடுகளிலும் பெயர் பெற்ற சாயச்சாலைகளிலிருந்து கறுப்புக் கம்பளி நூல்களைத் தருவித்துத் தம்முடைய நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கோப்லானில் தோய்த்த கறுப்பு எதற்கும் குறைந்ததாக இல்லை. சாயம் குற்றமற்றது என்று நிரூபணமான பின்பே அவர் புத்தி வேறு திசையில் சென்றது: கறுப்பு நூல் தனியே நின்றால் கறுப்பு, நீல நூலுக்குப் பக்கத்தில் நின்றால் மட்டுமே மங்கல், ஆகவே அந்த மங்கலைச் செய்வது நீலம். சாயத் தொட்டியில் தேடிய விடையை அவர் பார்வையில் கண்டெடுத்தார்.

இந்த ஒரு சூத்திரத்தைப் பற்றிக்கொண்டு பல ஆண்டுகள் பரிசோதனை செய்து, 1828இல் விஞ்ஞானப் பேரவையில் படித்து, 1839இல் விரிவான நூலாகவும் அவர் வெளியிட்டார். இரண்டு நிறங்கள் அடுத்தடுத்து நிற்கையில் கண் அவற்றை ஒரே சமயத்தில் பார்க்குமானால், அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டுத் தோன்ற முடியுமோ அவ்வளவு வேறுபட்டுத் தோன்றும் என்பது அவர் கண்ட விதி. அந்த வேறுபாடு ஒளியின் ஏற்றத்தாழ்விலும் நிகழும், வர்ணத்தின் ஜாதியிலும் நிகழும். வெளிறிய பட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் கருமையான பட்டை மேலும் கறுக்கும், வெளிறியது மேலும் வெளிறும். இது முதல் வகை. ஒவ்வொரு நிறமும் தன் பூரக வர்ணத்தின் சாயலை அண்டை நிறத்தின்மேல் ஏற்றும் என்பது இரண்டாம் வகை. சிவப்பு தன் பக்கத்தில் நிற்பதன்மேல் பச்சைச் சாயலையும், நீலம் ஆரஞ்சுச் சாயலையும், ஊதா மஞ்சட் சாயலையும் ஏற்றுகின்றன. கறுப்பு மிகக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்புவதால், அதன்மேல் ஏறிய சாயல் பளிச்சென்று புலனாகிறது. வியாபாரிகள் கண்ட பச்சைப் பூவுக்கும், நெசவாளர்கள் கண்ட மங்கிய நிழலுக்கும் காரணம் ஒன்றே.

வெண்மையை நிறைவு செய்யும் துணை

பூரகம் என்ற சொல்லின் பொருள் நிறைவு செய்வது. எதை நிறைவு செய்வது என்ற கேள்விக்கு விடை காண, ஷெவ்ரலுக்கு ஒரு நூற்றாண்டு முன்னே செல்லவேண்டும். வெண்ணிற ஒளியைப் பட்டகத்தால் பல நிறங்களாகப் பிரித்துக் காட்டிய நியூட்டன், 1704இல் வெளிவந்த தம்முடைய ஒளியியல் நூலில், நேர்க்கோடாக விரிந்த நிறமாலையை வளைத்து, சிவப்பின் நுனியையும் ஊதாவின் நுனியையும் இணைத்து ஒரு சக்கரமாக்கினார். இயற்கை நிறமாலைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. சக்கரத்துக்கு அவை இல்லை. அந்தக் கணமே ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே நிற்கும் ஒரு நிறம் ஏற்பட்டுவிட்டது. எதிரெதிர் நிறங்களைக் கலந்தால் வர்ணம் அழிந்து வெண்மையை நெருங்கும் என்று அவர் கண்டார். ஆயினும், இரண்டே நிறங்களைக் கொண்டு குறைவற்ற வெண்மையைத் தம்மால் உண்டாக்க முடியவில்லை என்றும் நேர்மையோடு எழுதி வைத்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆராய்ச்சி ஒளியைவிட்டுக் கண்ணுக்குத் திரும்பியது. சிவந்த பொருளொன்றை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரை நோக்கினால், அங்கே இல்லாத பச்சை வடிவமொன்று மிதப்பதை 1743இல் பிரெஞ்சு இயற்கையாராய்ச்சியாளர் புஃபோன் வர்ணித்து, அத்தகைய தோற்றங்களுக்குத் தற்செயல் நிறங்கள் என்று பெயரிட்டார். அவை தற்செயலானவை அல்ல, நியமம் தவறாதவை என்பதைப் பின்வந்தவர்கள் உணர்ந்தார்கள். அமெரிக்காவில் பிறந்து பவேரியாவில் பதவி வகித்த ரம்ஃபோர்டு பிரபு, பகலொளியும் தீபவொளியும் ஒருங்கே விழும் இடத்தில் தோன்றும் நிழல்களை ஆராய்ந்து 1794இல் கட்டுரை வெளியிட்டார். அவர் செய்ததை நம் வீட்டிலும் செய்து பார்க்கலாம். அந்தி நேரத்தில் ஜன்னலுக்கு அருகே வெள்ளைக் காகிதத்தை விரித்து, மறுபக்கம் எண்ணெய் விளக்கொன்றை ஏற்றி, நடுவில் ஒரு பென்சிலை நிறுத்தினால் இரண்டு நிழல்கள் விழும். விளக்கொளி மறைந்த நிழல் நீலமாகவும், வானத்தின் ஒளி மறைந்த நிழல் மஞ்சளாகவும் இருக்கும். காகிதம் வெள்ளை, நிழலில் யாரும் சாயம் பூசவில்லை. ஒன்றின் நிறமே மற்றொன்றின் நிறத்தைக் கூட்டுகிறது. ஒரு நிறத்தோடு சேர்ந்து வெண்மையை நிறைவு செய்யும் துணை நிறத்தையே கண் தேடுகிறது என்ற எண்ணம் இங்கே உருப்பெற்றது. ரம்ஃபோர்டு, மாதர்கள் கவுனுக்கு ரிப்பன் தேர்ந்தெடுப்பதற்கும், வீட்டு அறைகளில் நிறங்களை இசைய அமைப்பதற்கும் இந்த நியமம் உதவும் என்று யோசனையும் கூறினார்.

நிறங்களைப் பற்றி 1810இல் பெருநூல் வெளியிட்ட ஜெர்மானிய மகாகவி கோதே, நியூட்டனோடு பிணங்கிய பல இடங்களில் பிழைபட்டவரே ஆயினும், கண்ணின் நடத்தையைக் கவனித்துச் சொன்ன இடங்களில் நிகரற்றவர். ஒரு மாலையில் சத்திரத்தில் தங்கியிருந்தபோது, வெண்முகமும் கருங்கூந்தலும் செந்நிற மேலாடையும் கொண்ட பெண்ணொருத்தி அரையிருளில் தம் எதிரே நின்றதை அவர் உற்று நோக்கினார். அவள் அகன்றதும், பின்னிருந்த வெள்ளைச் சுவரில், ஒளிவட்டம் சூழ்ந்த கரிய முகமும் கடலின் பசுமை பூண்ட ஆடையும் தோன்றின. கண் ஒரு நிறத்தைப் பெற்றதும் அதன் எதிர் நிறத்தைத் தானே ஈன்று சமநிலையைத் தேடிக்கொள்கிறது என்பது அவர் கண்ட தாத்பரியம். வெறும் ஏற்புப் பாத்திரமாக நாம் எண்ணியிருந்த கண், காட்சியில் பாதியைத் தானே படைக்கிறது.

நூலும் குழம்பும்

ஷெவ்ரலுடைய விதி ஏன் ஒரு நெசவுச் சாலையில் பிறந்தது என்று ஆராய்வது பயனற்றதன்று. சித்திரக்காரன் தட்டிலே வர்ணங்களைக் குழைத்து வேண்டிய நிறத்தை உண்டாக்கிக்கொள்கிறான். நெசவாளனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. சாயத் தொட்டியிலிருந்து எந்த நிறத்தோடு நூல் வந்ததோ அந்த நிறத்தோடுதான் அது சீலையில் நிற்கும். இரண்டு நூல்களை நசுக்கி மூன்றாம் நிறமாக்க முடியாது, அருகருகே வைக்கத்தான் முடியும். ஆகவே அண்டை நிறத்தின் ஆதிக்கத்தை மற்ற எந்தத் தொழிலாளியையும்விட நெசவாளனே தினந்தோறும் அனுபவித்தான்.

இந்த அனுபவத்திலிருந்து ஓர் இரட்டை நியமம் வெளிப்பட்டது. சிவப்பையும் பச்சையையும் அகன்ற பட்டைகளாக அடுத்தடுத்து வைத்தால், சிவப்பு தன் பூரகமான பச்சையைப் பச்சையின்மேலேயே ஏற்றுகிறது, பச்சை தன் பூரகத்தைச் சிவப்பின்மேல் ஏற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கி நிறுத்தி, தனியே நின்றபோது இல்லாத ஜொலிப்பைப் பெறுகின்றன. அதே இரண்டையும் மெல்லிய இழைகளாகப் பின்னி, இழை தனித்துத் தெரியாத தூரத்திலிருந்து பார்த்தாலோ, ஒன்றின் வர்ணத்தை மற்றொன்று விழுங்கி, உயிரற்ற பழுப்பும் சாம்பலுமே எஞ்சுகின்றன. அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தால் பரஸ்பர உபகாரம், ஒரே பாத்திரத்தில் கலந்தால் பரஸ்பர நாசம் என்பது பூரக வர்ணங்களின் ஸ்வபாவம். எதிரெதிர் நிறம் அல்லாதவற்றின் கதை வேறு. சிவப்பின் பக்கத்தில் ஆரஞ்சு நின்றால், ஆரஞ்சு மஞ்சளை நோக்கியும் சிவப்பு ஊதாவை நோக்கியும் விலகி, இரண்டும் தத்தம் இயல்பில் சிறிது திரிகின்றன. வர்ணத்தின் ஜாதி மாறாமல் அதன் வலிமை மட்டும் வளர்வது பூரக ஜோடியிலேதான்.

இந்த நியமம் நம் காஞ்சிபுரத்துத் தறிகளில் சாஸ்திரத்தின் உதவியின்றியே கைப்பழக்கமாகப் பதிந்திருக்கிறது. அரக்குச் சிவப்பு உடலுக்குக் கிளிப்பச்சைக் கரை வைக்கும் பட்டுப் புடவையில், உடலின் ஊடை நூல் கரைக்குள்ளும் ஓடிவிட்டால், பச்சைப் பாவின்மேல் சிவப்பு இழை குறுக்கிட்டுக் கரையின் பச்சை அழுக்கடைந்துபோகும். அதைத் தவிர்ப்பதற்கே, உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்களை வைத்து, உதவிக்கு இன்னொருவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஒவ்வோர் ஊடையிலும் உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வை முறை கையாளப்படுகிறது. பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் ஒரு கோட்டில் சந்திக்கின்றன, கலப்பதில்லை. மயில் கழுத்துப் புடவையிலோ, சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்களான நீலத்தையும் பச்சையையும் பாவும் ஊடையுமாகக் கலக்கவே விடுகிறார்கள். அங்கே வர்ணம் சாவதில்லை, அசைவுக்கேற்ப மின்னி மாறுகிறது. எந்த ஜோடியைக் கலக்கலாம், எந்த ஜோடியைக் கலக்காமல் நிறுத்தவேண்டும் என்ற விவேகம் இவ்விரண்டு புடவைகளிலும் முழுமையாக அடங்கியிருக்கிறது. பட்டுத் துணிகளின் ஒளி ஜாலத்தைப் பற்றி ஷெவ்ரலும் 1846இல் ஒரு நூல் எழுதினார்.

சித்திரச் சாலையில்

சித்திரக்காரர்களில் இவ்விஷயத்தை முதலில் ஊன்றிக் கவனித்தவர்களில் ஒருவர் தெலக்ருவா. மஞ்சள் ஆடையொன்றைத் தீட்டுகையில் நினைத்த பிரகாசம் கைகூடாமல், ரூபன்ஸின் சித்திரங்களைப் பார்த்து வரலாமென்று அவர் வாடகை வண்டிக்குச் சொல்லியனுப்பினாராம். மஞ்சள் பூசிய வண்டி வெயிலில் வந்து நின்றபோது அதன் நிழல் ஊதாவாக இருக்கக் கண்டு, போகவேண்டிய அவசியமில்லையென்று வண்டிக்காரனுக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, மீண்டும் சித்திரத்தின் முன் சென்று அமர்ந்தாராம். கதை எவ்வளவு மெய்யோ, அது கற்பிக்கும் பாடம் மெய்: மஞ்சளைப் பிரகாசிக்கச் செய்ய மேலும் மஞ்சள் தேவையில்லை, அதன் நிழலில் ஊதா தேவை. இந்தக் கதையையும் ஷெவ்ரலுடைய நியமத்தையும் கலையுலகில் பரப்பியவர், 1867இல் சித்திர இலக்கணம் எழுதிய ஷார்ல் பிளான்.

அந்த நூலைப் படித்து வளர்ந்தவர்களில் ஜார்ஜ் ஸேராவும் ஒருவர். அமெரிக்கப் பௌதிக சாஸ்திரியான ஆக்டன் ரூடின் வர்ண நூலையும் கற்று, வர்ணங்களைத் தட்டில் குழைப்பதையே கைவிட்டு, தூய நிறப் புள்ளிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவரின் கண்ணிலேயே கலக்கச் செய்யலாமென்று அவர் துணிந்தார். ஸேன் நதித் தீவொன்றின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைக் காட்டும் அவருடைய பெருஞ்சித்திரம், ஏறக்குறைய 2 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உடையது. 1884இல் தொடங்கி 1886இல் முடிந்தது. சித்திரக்காரன் ஒருவன் நெசவாளனாகிவிட்ட அதிசயத்தை அதில் காண்கிறோம். நெசவாளனுக்கு இருந்த அபாயமும் அவரைத் தொடர்ந்தே வந்தது. பூரக நிறப் புள்ளிகள் ஓரளவு பெரிதாயிருந்து, பார்ப்பவர் அருகே நின்றால் ஜொலிக்கும். புள்ளி சிறுத்தாலோ, பார்ப்பவர் பின்வாங்கினாலோ, ஜொலிப்பு சாம்பலாகும். ஒரே சித்திரம் நான்கடித் தூரத்தில் ஒரு நியமத்துக்கும், நாற்பதடித் தூரத்தில் மற்றொரு நியமத்துக்கும் அடங்குகிறது. இன்னொரு துரதிருஷ்டமும் நேர்ந்தது: அவர் நம்பிப் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளுக்குள்ளேயே பழுத்துப்போய், ஒளிமயமாக இருக்கவேண்டிய புள்ளிகள் மங்கின. ஒளியின் கணிதத்தை எவ்வளவு சுத்தமாக வகுத்தாலும், அதைத் தாங்கி நிற்பது சாயம் என்ற ஜடப்பொருள்தான் என்பதைக் கோப்லான் ரசாயன சாஸ்திரி கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

வின்சென்ட் வான்கோ இதே நியமத்தை வேறு நோக்கத்துக்குத் திருப்பினார். ஷார்ல் பிளானின் எழுத்தை ஹாலந்திலிருந்த நாட்களிலேயே ஆர்வத்தோடு படித்திருந்த அவர், அரக்குப் பூச்சுடைய ஒரு பெட்டியில் பலநிறக் கம்பளி நூல் உருண்டைகளை வைத்திருந்தார்; இரண்டு மூன்று நிற இழைகளைச் சேர்த்துச் சுற்றிய அந்த உருண்டைகளால், எந்த நிறத்துக்கு அருகே எந்த நிறம் எப்படி நிற்கும் என்று சோதித்துவிட்டே தூரிகையை எடுப்பாராம். அப்பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாமிலுள்ள அவர் பெயர் பூண்ட காட்சிசாலையில் இருக்கிறது. நெசவுச்சாலையில் பிறந்த நியமம் சித்திரக்காரன் கைக்குச் சென்றபோதும் கம்பளி நூலைப் பற்றிக்கொண்டே சென்றது. 1888 செப்டம்பரில் ஆர்ல் நகரத்து இரவு விடுதியொன்றை அவர் தீட்டினார். இரத்தச் சிவப்புச் சுவர்கள், பச்சை மேற்கூரை, நடுவே பச்சைத் துணி போர்த்திய பில்லியர்ட்ஸ் மேஜை, எலுமிச்சை மஞ்சள் விளக்குகள். சிவப்பையும் பச்சையையும் மோதவிட்டு மனித இச்சைகளின் பயங்கரத்தைக் காட்ட முயன்றதாகத் தம் சகோதரருக்கு எழுதினார். ரம்ஃபோர்டு இசைவுக்கென்று சிபாரிசு செய்த அதே ஜோடி முறையை வான்கோ அமைதியின்மைக்கென்று எடுத்தார், இரண்டும் பலித்தன. பூரக வர்ணங்கள் இசைவானவை என்று பாடநூல்கள் சொல்வதைக் கேட்டு நாம் மயங்கவேண்டியதில்லை. அவை வலிமையானவை, அந்த வலிமையை இசைவாக்குவதும் கலகமாக்குவதும் அளவையும் அமைப்பையும் பொறுத்தவை.

எது எதற்குப் பூரகம்?

இவ்வளவு தூரம் சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, மஞ்சளுக்கு ஊதா என்று சித்திரக்காரர்களின் வழக்கப்படி கூறிவந்தோம். இன்றைய அச்சகத்திலோ திரைப்படக் கூடத்திலோ உள்ள ஒருவர் இதைக் கேட்டால், சிவப்புக்கு எதிர் சயான் என்னும் நீலப்பச்சை, பச்சைக்கு எதிர் மெஜந்தா, நீலத்துக்கு எதிர் மஞ்சள் என்று திருத்துவார். இவ்விரண்டு மரபுகளும் ஏன் முரண்படுகின்றன என்பதை 1852இல் விளக்கியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். நீலச் சாயத்தையும் மஞ்சட் சாயத்தையும் குழைத்தால் பச்சை வருகிறது. நீல ஒளியையும் மஞ்சள் ஒளியையும் ஒரே திரையில் விழவிட்டாலோ வெண்மை வருகிறது. ஒளிகள் சேரும்போது ஒன்றோடொன்று கூடுகின்றன. சாயங்கள் சேரும்போது ஒவ்வொன்றும் தான் விழுங்கும் ஒளியைக் கழித்துவிட, இரண்டுமே விழுங்காத பசுமை மட்டும் தப்பிப் பிழைக்கிறது. முன்னது கூட்டல், பின்னது கழித்தல். சித்திரக்காரர்களின் சக்கரம் குழம்பின் அனுபவத்தில் எழுந்தது. கண்ணின் நடத்தையோ ஒளியின் கணக்கையே பெரிதும் தழுவி நிற்பது. ஆகவே சிவப்பை உற்று நோக்கியபின் சுவரில் மிதக்கும் நிழலுருவைக் கூர்ந்து கவனிப்பவர், அது இலைப் பச்சையன்று, நீலம் கலந்த பச்சை என்பதைக் காண்பார். நிறமாலையின் நடுவிலுள்ள தூய பச்சைக்கு வானவில்லில் எங்கும் துணை இல்லை; சிவப்பும் ஊதாவும் கூடிப் பிறக்கும் மெஜந்தாவே அதன் பூரகம். நியூட்டன் தம் சக்கரத்தில் இரு நுனிகளையும் இணைத்த இடத்தில்தான் அந்த நிறம் குடியிருக்கிறது.

கண்ணின் அமைப்பு இதற்கு மூலகாரணம். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு வடிவ அணுக்கள் மூன்று வகை. நிறமாலையின் வெவ்வேறு பகுதிகளில் அவை கூர்மையாக இயங்குகின்றன. அவற்றின் செய்தி அப்படியே மூளைக்குச் செல்வதில்லை. சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா என்று எதிரெதிராக நிறுத்தி வித்தியாசம் கணக்கிட்ட பின்பே செல்கிறது. சிவந்த பச்சை என்றோ நீல மஞ்சள் என்றோ ஒரு நிறத்தை எவராலும் மனத்தில் கற்பிக்க முடியாததைச் சுட்டி, ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஹெரிங் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இப்படியொரு எதிர்நிலை ஏற்பாட்டை ஊகித்தார். இருபதாம் நூற்றாண்டின் பரிசோதனைகள் நரம்பு அணுக்களிலேயே அதைக் கண்டுகாட்டின. நெடுநேரம் ஒரு நிறத்துக்கு ஆட்பட்ட அணுக்கள் சோர்வதால் தராசு மறுபக்கம் சாய்கிறது. அதுவே புஃபோன் கண்ட உருவம். ஓரிடத்தில் எழும் செய்தி பக்கத்து இடத்தின் செய்தியால் திருத்தப்படுவதால் அண்டை நிறம் திரிகிறது; அதுவே ஷெவ்ரல் கண்ட விதி.

தொழிலின் விவேகம்

இந்த அறிவு சித்திரச் சட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. ஒரு காலத்தில் அறுவை வைத்தியசாலைகளில் சுவரும் துணியும் உடையும் வெண்ணிறமாகவே இருந்தன; வலுவான விளக்கின்கீழ் அந்த வெண்மை கண்ணைக் கூசச் செய்ததோடு, இரத்தச் சிவப்பில் பதிந்த பார்வையை நிமிர்த்தினால் எங்கு நோக்கினும் பச்சை நிழலுருக்கள் ஆடின. சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஹாரி ஷெர்மன் என்ற அறுவை நிபுணர் 1914இல் தம்முடைய அறைக்குக் கீரைப்பச்சை நிறத்தை ஏற்றார். பச்சைப் பின்னணியில் நிழலுரு அமிழ்ந்துபோகிறது. சிவப்பின் நுண்ணிய பேதங்களும் தெளிவாகத் தெரிகின்றன. கடலில் மிதப்போரைத் தேடிக் கண்டுபிடிக்க உயிர்காப்பு உடைகள் ஆரஞ்சு நிறத்தில் அமைவதற்கும், நீலக் கடலுக்கு அந்நிறம் எதிர்நிறமாயிருப்பது துணைசெய்கிறது.

தவறாகக் கையாண்டால் விளையும் தீங்குகளையும் குறிப்பிடாமல் விடலாகாது. ஒளியின் அளவில் சமமான சிவப்பையும் பச்சையையும் எடுத்து, பச்சைத் தளத்தில் சிவப்பெழுத்து எழுதினால், எழுத்தின் விளிம்பு நடுங்குவதுபோல் தோன்றிப் படிப்பவரைத் துன்புறுத்தும். எழுத்தைப் பிரித்தறியக் கண் பெரிதும் சார்ந்திருப்பது வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை, வர்ண பேதத்தை அன்று. மேலும் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வையுடையோர் ஆண்களில் கணிசமானவர். அவர்கள் முன் அந்த ஜோடியின் வீரியமெல்லாம் வீண். அனுபவமுள்ள வடிவமைப்பாளர் இரண்டு பூரக நிறங்களையும் சரிபாதியாக வைப்பதில்லை. ஒன்றை அகலமாக விரித்து, மற்றொன்றைக் குங்குமப்பொட்டின் அளவுக்குச் சுருக்குகிறார், அல்லது ஒன்றின் செறிவைத் தணித்து மற்றொன்றை மட்டும் பேசவிடுகிறார். சாம்பல் நிறத்தை ஆரஞ்சுத் தளத்தில் வைத்தால் அது நீலம் பூக்கும். நீலம் வேண்டாமென்றால் அச்சாம்பலில் ஆரஞ்சைச் சிறிது கலந்துவிடுவது பரிகாரம். கண்ணில் சரியாகத் தெரிவதற்காகக் கையில் தவறாகக் கலக்கவேண்டும் என்பது இந்தக் கலையின் விசித்திரமான தர்மம்.

ஷெவ்ரல் நூறாண்டு கடந்து வாழ்ந்தார். அவருடைய நூறாவது பிறந்தநாள் கொண்டாடப்பட்ட 1886ஆம் ஆண்டிலேதான், அவருடைய விதியைப் புள்ளி புள்ளியாகப் பின்பற்றிய ஸேராவின் சித்திரமும் பாரிஸில் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆயினும் அவர் நூலில் நமக்கு மிகவும் சமீபமான பகுதி சித்திரங்களைப் பற்றியதன்று, துணிக்கடையைப் பற்றியது. ஒரே மாதிரியான பதினான்கு சிவப்புத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக் காட்டினால், கடைசி ஆறேழு துணிகள் வாங்குபவருக்கு மட்டமாகவே தோன்றும். கண் பச்சையை ஈன்று சிவப்பின்மேல் போர்த்திவிடுகிறது. ஆகையால் நடுவில் பச்சைத் துணிகளைக் காட்டிக் கண்ணைத் தெளிவித்தபின் மீண்டும் சிவப்பை எடுக்கவேண்டும் என்று அவர் வியாபாரிகளுக்கு எழுதினார்.

கல்யாணப் பட்டு எடுக்கச் சென்று, பாயில் அமர்ந்து, முன்னால் குவியும் அரக்கும் குங்குமச் சிவப்புமான புடவைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒன்றை ஒருவாறு தேர்ந்து வீட்டுக்கு வந்து பிரித்தபின், "கடையில் பார்த்த நிறம் இது இல்லையே" என்று குறைப்படாத குடும்பம் நம்மிடையே உண்டா? கடைக்காரர் மாற்றிக் கட்டிவிட்டார் என்று ஒருவர் சொல்லுவார். உங்கள் கண்ணுக்குத்தான் வயதாகிவிட்டது என்று மற்றொருவர் சொல்லுவார். புடவை மாறவில்லை, கண்ணும் கெடவில்லை. கடையில் அதன் பக்கத்தில் கிடந்த மற்றப் புடவைகள் மட்டும் வீட்டுக்கு வரவில்லை.